கருப்பைக் கட்டிக்குக் கத்தியில்லாத சிகிச்சை



"கருப்பையில கட்டி இருக்கும்மா." ஸ்கேன் அறையில் இந்த மூன்று சொற்களைக் கேட்ட பிறகு, மருத்துவர் அடுத்துச் சொல்வது பெரும்பாலான பெண்களின் காதில் விழுவதில்லை. கட்டி என்றதுமே மனம் புற்றுநோய்க்குத் தாவிவிடுகிறது. வீட்டுக்கு வந்து சொன்னால், பக்கத்து வீட்டு அக்கா, "எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க, எடுத்துப் போட்டுட்டேன், இப்போ நிம்மதியா இருக்கேன்" என்பார். எதிர்வீட்டு அம்மா, "கர்ப்பப்பைய எடுத்துட்டா உடம்பே போச்சு, கத்திய மட்டும் வைக்க விட்டுடாதே" என்பார். இரண்டுக்கும் நடுவில் நின்று தவிக்கும் பெண், எந்த முடிவும் எடுக்காமல் மூன்று வருடம், நான்கு வருடம் தள்ளிப் போட்டுவிடுகிறார். இரத்தப்போக்கு மட்டும் மாதந்தவறாமல் வந்துகொண்டே இருக்கிறது.

இன்றைய அங்கம் அந்த இரண்டு அறிவுரைகளுக்கும் இடையில் இருக்கும் வழிகளைப் பற்றியது. வழிகள் இருக்கின்றன, அதுவும் ஒன்றிரண்டு அல்ல. ஆனால் எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அறுவை சிகிச்சை இல்லை என்பதற்காக மட்டும் ஒரு சிகிச்சை நல்லதாகிவிடாது. அதேபோல், கட்டி இருக்கிறது என்பதற்காக மட்டும் கருப்பையை எடுக்க வேண்டியதும் இல்லை.

முதலில் இந்தக் கட்டி எத்தகையது என்று பார்ப்போம். ஃபைப்ராய்டு எனப்படும் நார்க்கட்டி வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வதன்று. கருப்பைச் சுவரில் உள்ள தசையே ஓரிடத்தில் நாரோடு சேர்ந்து உருண்டு திரண்டு வளர்வதுதான் அது. பெண்ணின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும் அதற்குத் தீனி போடுகின்றன. அதனால்தான் வயதுக்கு வருமுன் இந்தக் கட்டி வருவதில்லை. மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் தானே சுருங்கத் தொடங்குகிறது. தாய்க்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ இருந்தால் வருவதற்கான வாய்ப்பு கூடுதல்.

இது எவ்வளவு பரவலானது தெரியுமா? அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, 50 வயதை எட்டும்போது வெள்ளையினப் பெண்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கும் நார்க்கட்டி இருக்கும் என்று மதிப்பிட்டது. அவர்களில் பலருக்குத் தங்கள் வயிற்றில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வேறு எதற்காகவோ ஸ்கேன் எடுக்கப் போய்க் கண்டுபிடிக்கப்படுவதும் உண்டு.

புற்றுநோய் அச்சத்துக்கும் நேரடியாகப் பதில் சொல்லிவிட வேண்டும். நார்க்கட்டி புற்றுநோய் அல்ல. ஆயினும் நார்க்கட்டியைப் போலவே தோற்றமளிக்கும் சார்கோமா என்ற புற்றுநோய் மிக அரிதாக இருக்கக்கூடும். நார்க்கட்டி என்று கருதி அறுவை சிகிச்சைக்குச் சென்ற பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு இப்படி எதிர்பாராத சார்கோமா இருந்தது என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2014ல் மதிப்பிட்டது. கத்தியில்லாத சிகிச்சையைத் தேடுவோர் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அறுவை செய்தால் வெளியே எடுத்த கட்டியைச் சோதனைக்கூடத்தில் பார்த்துவிடலாம். அறுவை இல்லாவிட்டால் அந்த வாய்ப்பு கிடையாது. எனவே சிகிச்சைக்கு முன்பே எம்.ஆர்.ஐ. போன்ற பரிசோதனைகளைச் செய்யச் சொன்னால், "காசு பிடுங்கப் பார்க்கிறார்கள்" என்று எண்ணித் தட்டிக் கழிப்பது சரியல்ல.

மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு மறுபடி இரத்தம் பட்டாலோ, அந்த வயதில் கட்டி வளர்ந்தாலோ, அது தாமதிக்கக்கூடாத விஷயம். 45 வயதைக் கடந்தபின் உதிரப்போக்கு மாறினால் கருப்பையின் உள்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கும்படி மருத்துவர் சொல்வார். அதையும் செய்துகொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் நார்க்கட்டியின் மேலேயே பழி போட்டுவிடக்கூடாது.

இடம்தான் முக்கியம்

"உங்களுடையது எத்தனை சென்டிமீட்டர்?" என்று பெண்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வது வழக்கம். ஆனால் அளவைவிட இடம் முக்கியம். கருப்பையை ஒரு வீடாக நினைத்துக்கொண்டால், சில கட்டிகள் சுவரின் உட்புறம் புடைத்துக்கொண்டு அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்; சில சுவருக்குள்ளேயே புதைந்திருக்கும்; இன்னும் சில வெளிச்சுவரில் தொங்கும். அறைக்குள் நீட்டும் கட்டி ஒரு நெல்லிக்காய் அளவே இருந்தாலும் இரத்தத்தைக் கொட்டச் செய்யும், கருத்தரிப்பதைத் தடுக்கும். வெளிப்பக்கம் இருப்பது ஆரஞ்சுப் பழ அளவுக்கு வளர்ந்தும் மாதவிடாயைத் தொடாமல் இருக்கலாம். ஆனால் சிறுநீர்ப்பையை அழுத்தி, இரவில் நான்கு தடவை எழுப்பிவிடும், அல்லது மலச்சிக்கலைத் தரும்.

ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எவ்வளவு பெரிசு?" என்பதல்ல, "எங்கே இருக்கு, எத்தனை இருக்கு?" என்பதுதான்.

தொந்தரவே தராத கட்டிக்குச் சிகிச்சையே தேவையில்லை. மருத்துவர் குறிப்பிடும் இடைவெளியில் மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். "சும்மா விட்டுட்டாங்க, கவனிக்கல" என்று சிலர் குறைப்படுவதுண்டு. அது கவனக்குறைவு அல்ல. அதுவும் ஒரு மருத்துவ முடிவுதான்.

தொந்தரவு தரும் கட்டி வேறு கதை. இங்கே நம் பெண்களின் பழக்கம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. மணிக்கொரு பேட் மாற்றுவதையும், இரவில் படுக்கைமேல் பழைய கைலியை விரித்துக்கொண்டு படுப்பதையும், அந்த நாட்களில் கறுப்புப் பாவாடை தவிர வேறு எதுவும் உடுத்தாமல் இருப்பதையும் அவர்கள் நோயாகவே நினைப்பதில்லை. "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்" என்பார்கள். அம்மாவுக்கும் கட்டி இருந்திருக்கலாம் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை! உதிரப்போக்கு ஏழு நாட்களைத் தாண்டினால், ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்குள் பேட் நனைந்துவிட்டால், இரண்டரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிகளாக இரத்தம் வந்தால், அது வழக்கமான போக்கு அல்ல.

இதன் விலையை உடம்பு மெதுவாகக் கொடுக்கிறது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் அது இரத்தசோகை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மாதாமாதம் சிறிது சிறிதாகக் குறைவதால், 8க்கு வந்த பிறகும் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தொழிற்சாலையில் ஷிப்டு வேலையும் பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயதின்மேல் போட்டுவிடுகிறார்கள். எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இரத்தசோகையைச் சரிசெய்வது உடனே தொடங்க வேண்டிய வேலை. இரும்புச்சத்து மாத்திரையைத் தே தாரிக்கோடு விழுங்கினால் பயன் குறைந்துவிடும். தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. எலுமிச்சை அல்லது ஆரஞ்சுச் சாற்றோடு எடுத்துக்கொள்ளலாம். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டாம், அது அந்த மாத்திரையின் இயல்பு.

மாத்திரையும் ஊசியும்

மருந்துகளைப் பொறுத்தவரை ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. பெரும்பாலான மருந்துகள் கட்டியைக் கரைப்பதில்லை. கட்டி தரும் தொந்தரவைக் குறைக்கின்றன. அது சின்ன விஷயமும் அல்ல.

டிரானெக்ஸாமிக் ஆசிட் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்வோம். ஜப்பானைச் சேர்ந்த உத்தாக்கோ ஒகமோத்தோ என்ற பெண் மருத்துவரும் அவருடைய கணவரும் 1962ல் உலகுக்கு அறிவித்த மருந்து இது. பிரசவத்தின்போது இரத்தம் கொட்டி இறந்த தாய்மாரைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணமே அவரை அந்த ஆராய்ச்சியில் இறக்கியது. உறையும் இரத்தம் மறுபடி கரைந்து போகாமல் இது தடுக்கிறது. உதிரம் அதிகமாகப் போகும் அந்த நான்கைந்து நாட்கள் மட்டும் சாப்பிட்டால் போதும். போக்கைப் பாதி வரைகூட குறைக்க வல்லது. ஹார்மோன் கிடையாது. ஏற்கெனவே காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த பாதிப்பு இருந்தவர்கள் மட்டும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக்கூடாது. வலிக்குப் பலரும் வாங்கும் மெஃபனாமிக் ஆசிட், அதாவது பொன்ஸ்டன், வலியோடு போக்கையும் ஓரளவு குறைக்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. நீரிழிவு நோயாளிகள் நிறைந்த நம் நாட்டில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது, கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம். மிரெனா என்ற பெயரில் பலரும் அறிந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கான 'லூப்' போலத்தான் இருக்கும், ஆனால் சிறிது சிறிதாக ஹார்மோனை வெளியிட்டுக் கருப்பையின் உள்சவ்வை மெலிதாக்கிவிடும். அதிக உதிரப்போக்குக்கு ஐந்தாண்டு வரை பலன் தரும். கட்டி அறைக்குள் நீட்டிக்கொண்டு கருப்பையின் உருவத்தையே மாற்றியிருந்தால் சாதனம் நிற்காமல் வெளியே வந்துவிடக்கூடும். இடம் முக்கியம் என்று முன்பு சொன்னது இங்கேயும் பொருந்துகிறது.

கட்டியையே சுருக்கும் மருந்துகளும் இருக்கின்றன. மாதமொரு முறை போடும் லியூப்ரோலைடு போன்ற ஊசிகள் உடலைத் தற்காலிகமாக மாதவிடாய் நின்ற நிலைக்குக் கொண்டுபோகின்றன. மூன்று முதல் ஆறு மாதத்தில் கட்டி பாதியளவு வரை சுருங்கலாம். ஆனால் உடம்பு அனலாய்க் கொதிப்பது, தூக்கமின்மை, எலும்பு மெலிதல் என்று விலையும் உண்டு. ஊசியை நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரும். எனவே பெரும்பாலும் இது ஒரு பாலம்தான்: அறுவைக்கு முன் இரத்தத்தைத் தேற்றிக்கொள்ள, அல்லது மாதவிடாய் நிற்க இன்னும் கொஞ்ச காலமே இருக்கும் பெண்ணை அக்கரை சேர்க்க.

ஊசிக்குப் பதில் தினமும் விழுங்கும் மாத்திரையாகவே இப்போது வந்துவிட்டது. எலகோலிக்ஸ் கலந்த மருந்தை 2020லும், ரெலுகோலிக்ஸ் கலந்த மருந்தை 2021லும் அமெரிக்கா நார்க்கட்டியால் வரும் அதிக உதிரப்போக்குக்கு அங்கீகரித்தது. ஐரோப்பாவும் 2021ல் ரெலுகோலிக்ஸ் கலவைக்கு அனுமதி தந்தது. எலும்பைக் காப்பதற்காகச் சிறிதளவு ஹார்மோனையும் சேர்த்தே தயாரிக்கப்படும் இவற்றை அமெரிக்காவில் இரண்டாண்டு வரை மட்டுமே தரலாம் என்பது விதி.

புதிய மருந்து என்றதும் துள்ளிக் குதிக்கவும் கூடாது. யூலிப்ரிஸ்டல் என்ற மாத்திரை 2012ல் ஐரோப்பாவில் நார்க்கட்டிக்கு அனுமதி பெற்றபோது பெரும் வரவேற்பு இருந்தது. பிறகு அதைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, கல்லீரல் மாற்று அறுவை வரை போனது. 2020ல் ஐரோப்பிய மருந்து முகவை, அறுவைச் சிகிச்சையும் இரத்தக்குழாய் அடைப்பும் பொருந்தாத அல்லது பலிக்காத பெண்களுக்கு மட்டும் என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டது. கத்திக்குப் பயந்து கல்லீரலைக் கொடுத்த கதையாகிவிடக்கூடாது.

இரத்தக்குழாயை அடைக்கும் முறை

நேயர்களில் பலர் இதுவரை கேள்விப்பட்டிராத சிகிச்சை இதுவாகத்தான் இருக்கும். காரணம் எளிமையானது. இதைச் செய்பவர் மகப்பேறு மருத்துவர் அல்லர். எக்ஸ்ரே உதவியோடு இரத்தக்குழாய்க்குள் வேலை செய்யப் பயிற்சி பெற்ற கதிரியக்க நிபுணர். பெண் போய் நிற்பதோ மகப்பேறு மருத்துவரின் வாசலில். அவர் எடுத்துச் சொன்னால்தான் தெரியும்.

பாரிஸ் நகரில் ஜாக் ரவினா என்ற மகப்பேறு மருத்துவர், நார்க்கட்டி அறுவையின்போது இரத்தம் அதிகம் போகாமலிருக்க, முன்கூட்டியே கருப்பைக்குச் செல்லும் இரத்தக்குழாய்களை அடைத்துப் பார்த்தார். அறுவைக்குக் காத்திருந்த பெண்களில் பலர், "எனக்கு இப்போது தொந்தரவே இல்லையே, எதற்கு அறுவை?" என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். துணையாகச் செய்ததே சிகிச்சையாகிவிட்டது. அவருடைய குழு அதை 1995ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டது.

செய்முறை இதுதான். தொடை மடிப்பிலோ மணிக்கட்டிலோ மரத்துப் போக ஊசி போட்டு, மெல்லிய குழாயொன்றை இரத்தக்குழாய்க்குள் நுழைக்கிறார்கள். எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே அதைக் கருப்பையின் இரண்டு பக்கக் குழாய்களுக்கும் கொண்டுபோய், மணல்மணி போன்ற நுண்துகள்களைச் செலுத்துகிறார்கள். கட்டிக்குப் போகும் இரத்தம் நின்றுவிடுகிறது. தீனி கிடைக்காத கட்டி மாதக்கணக்கில் சுருங்குகிறது. கருப்பையின் நல்ல தசை வேறு சிறு குழாய்களிலிருந்து இரத்தத்தைப் பெற்றுப் பிழைத்துக்கொள்கிறது. வயிற்றில் தையல் கிடையாது, முழு மயக்கமும் வழக்கமாகத் தேவையில்லை.

அமெரிக்காவின் கொண்டலிசா ரைஸ் 2004 நவம்பரில், வெளியுறவு அமைச்சர் பொறுப்புக்கு முன்மொழியப்பட்ட அதே வாரத்தில், வாஷிங்டன் மருத்துவமனையொன்றில் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டார். ஓரிரவு தங்கிவிட்டு வீடு திரும்பினார். அப்போது அவருக்கு வயது 50. அவரால்தான் இந்த முறையின் பெயரே உலகெங்கும் பலருக்குத் தெரியவந்தது. நம் நாட்டிலும் இது புதிதல்ல. மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் நிபுணர்கள் தாங்கள் இம்முறையில் சிகிச்சையளித்த அனுபவத்தை 2010லேயே ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள்.

"கத்தி இல்லை, அப்படியென்றால் வலியும் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதல் நாள் வலி கடுமையாகவே இருக்கும், அதற்காகத்தான் மருத்துவமனையில் தங்க வைத்து வலிமருந்து தருகிறார்கள். பிறகு சில நாட்கள் லேசான காய்ச்சல், சோர்வு, குமட்டல் இருக்கலாம். ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். காய்ச்சல் விடாமல் ஏறினாலோ, துர்நாற்றமுள்ள கசிவு வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது தொற்றாக இருக்கக்கூடும். 45 வயதைத் தாண்டியவர்களில் சிலருக்கு இதன்பிறகு மாதவிடாய் நிரந்தரமாக நின்றுபோவதும் உண்டு.

பலன் எப்படி? அதிக உதிரப்போக்கால் அவதிப்படும் பத்துப் பேரில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கிறது. நீண்ட காலக் கணக்கு ஒன்றும் உண்டு. நெதர்லாந்தில் கருப்பையை எடுத்தவர்களையும் குழாயை அடைத்துக்கொண்டவர்களையும் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அடைத்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் கருப்பையை எடுக்காமலேயே பத்தாண்டைக் கடந்தார்கள். மீதி ஒரு பங்கினர் பிற்பாடு எடுக்க வேண்டியதாயிற்று. இதை வெற்றி என்பதா தோல்வி என்பதா? எடுத்தே தீர வேண்டும் என்று சொல்லப்பட்ட மூன்று பேரில் இருவர் தப்பித்தார்கள் என்று பார்த்தால் வெற்றிதான். மூன்றாமவரின் இடத்தில் நின்று பார்த்தால் வேறு மாதிரி தோன்றலாம்.

பிரிட்டனில் 254 பெண்களைக் கொண்டு நடத்தி 2020ல் வெளிவந்த ஆய்வு, கட்டியை மட்டும் அறுவையால் எடுத்தவர்களையும் குழாயை அடைத்தவர்களையும் ஒப்பிட்டது. இரு தரப்பினரும் நன்றாகத் தேறினார்கள்; இரண்டாண்டு முடிவில் அறுவை செய்துகொண்டவர்களின் வாழ்க்கைத் தரம் சற்றுக் கூடுதலாக இருந்தது. கத்தியில்லாத வழியைப் பற்றிப் பேசும்போது இந்த முடிவை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையல்ல.

ஒலி அலையால் சுடுவது

கத்தியும் இல்லை, ஊசிக்குழாயும் இல்லை என்றொரு முறையும் இருக்கிறது. வெயிலில் பூதக்கண்ணாடியைப் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்கிய சிறு வயது விளையாட்டு நினைவிருக்கிறதா? அதே தத்துவம்தான். அல்ட்ராசவுண்ட் அலைகளைப் பல திசையிலிருந்து ஒரே புள்ளியில் குவித்து, கட்டியின் திசுவைச் சுட்டுவிடுகிறார்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் பார்த்தபடி செய்யும் முறைக்கு அமெரிக்கா 2004ல் அனுமதி தந்தது. சீனாவின் சொங்சிங் நகரில் உருவான, ஸ்கேன் துணையோடு செய்யும் முறை ஆசிய நாடுகளில் பரவியிருக்கிறது. ஹைஃபூ என்று விளம்பரங்களில் காண்பது இதைத்தான். அன்றே அல்லது மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம்.

எல்லோருக்கும் இது செய்ய முடியாது என்பதே இதன் குறை. அலை போகும் வழியில் குடல் குறுக்கிட்டாலோ, வயிற்றில் பழைய அறுவையின் தடித்த தழும்பு இருந்தாலோ, கட்டிகள் பலவாக இருந்தாலோ தோல் அல்லது குடல் சுடப்படும் அபாயம் கருதி மறுத்துவிடுவார்கள். சில ஆண்டுகளில் மறுபடியும் சிகிச்சை தேவைப்படுவது குழாய் அடைப்பு முறையைவிட இதில் அதிகம். "ஒரே நாளில் கட்டி மாயம்" என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டுவோர் இதையும் கேட்டுக்கொண்டு கட்டுவது நல்லது. ரேடியோ அலையால் சுடும் முறையும் உண்டு. அதில் கருவியை யோனி வழியாகவோ வயிற்றில் சிறு துளையிட்டோ செலுத்துவதால், முழுக்கக் 'கத்தியில்லாதது' என்று சொல்ல முடியாது.

ஒரே அளவில், சுவருக்குள் புதைந்த கட்டி மூன்று பெண்களுக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 29 வயது, திருமணமாகி இரண்டு வருடம், குழந்தைக்காகக் காத்திருப்பவர். இன்னொருவர் 42 வயது, மூன்று பிள்ளைகளின் தாய், மாதம் பத்து நாள் இரத்தப்போக்கு. மூன்றாமவருக்கு 50, மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் எட்டிப் பார்க்கிறது. முதலாமவருக்குக் குழாய் அடைப்பை முதல் வழியாகச் சொல்வதற்கு மருத்துவர்கள் தயங்குவார்கள். சினைப்பைக்கும் பின்னாளைய கர்ப்பத்துக்கும் ஏற்படக்கூடிய பாதிப்பு அதற்குக் காரணம். கருப்பையை வைத்துக்கொண்டு கட்டியை மட்டும் எடுக்கும் அறுவையே அவருக்குப் பொருத்தமாக இருக்கலாம். இரண்டாமவருக்கு மாத்திரை, மிரெனா, குழாய் அடைப்பு எல்லாமே வாசலில் நிற்கின்றன. மூன்றாமவருக்கு இரும்புச்சத்தும் டிரானெக்ஸாமிக்கும் கொஞ்சம் பொறுமையும் போதுமானதாக இருக்கலாம். இந்த மூன்று பேரும் ஒரே கோயில் வாசலில் சந்தித்துத் தங்கள் அனுபவத்தை மாற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

'கட்டியைக் கரைக்கும்' என்று விற்கப்படும் பாக்கெட்டுகளையும் ஜாமு வகைகளையும் பற்றிக் கேட்காத பெண் இல்லை. நம் நாட்டில் பதிவுபெற்ற மருந்து ஒவ்வொன்றிலும், பாரம்பரிய மருந்தானாலும் சரி, எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்க வேண்டும். அது இல்லாத பொருட்களில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. எண் இருப்பதாலேயே அது கட்டியைக் கரைக்கும் என்றும் பொருளல்ல. பச்சைத் தேயிலைச் சாறு, வைட்டமின் டி ஆகியவை கட்டியின் வளர்ச்சியைக் குறைக்குமா என்று சிறிய ஆய்வுகள் நடந்து, ஓரளவு நம்பிக்கையும் தந்திருக்கின்றன. மாதம் பத்து நாள் இரத்தம் போகும் பெண் அவற்றை நம்பி ஓராண்டு காத்திருக்கும் அளவுக்கு அல்ல. அடர்த்தியான தேயிலை வில்லைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு.

சிலருக்கு அறுவைதான் சரியான வழி. கட்டி அறைக்குள் நீட்டியிருந்தால், வயிற்றைத் திறக்காமல் யோனி வழியாகவே கருவியை விட்டுச் செதுக்கி எடுத்துவிடலாம். அதற்குப் போய் வருடக்கணக்கில் மாத்திரை விழுங்குவது வீண். பல கட்டிகள், மிகப்பெரிய கருப்பை, எதற்கும் அடங்காத போக்கு, இனிக் குழந்தை வேண்டாம் என்ற முடிவு, இவை சேர்ந்த இடத்தில் கருப்பையை எடுப்பது நிரந்தரத் தீர்வு. கட்டி திரும்ப வராது என்று உறுதி தரும் ஒரே சிகிச்சையும் அதுதான். சினைப்பைகளை விட்டுவைத்துக் கருப்பையை மட்டும் எடுத்தால் உடனே மாதவிடாய் நின்ற உடல்நிலை வந்துவிடாது. "எடுத்துட்டா பெண்மையே போச்சு" என்று மாமியாரோ மாமாவோ சொல்வதைக் கேட்டுச் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடாமல் திரும்பி வருவதும், "எடுத்துடு, தொல்லை விட்டது" என்று கணவர் சொன்னார் என்பதற்காகக் கையெழுத்திடுவதும் ஒன்றுதான். இரத்தம் போவது யாருக்கோ, முடிவும் அவருடையது.

தொடங்குவதற்குப் பெரிய பணம் தேவையில்லை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணத்தில் இரத்தத்தைச் சோதித்து, தேவையானால் நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார்கள். போவதற்கு முன் இரண்டு மூன்று மாதம், எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் நின்றது, ஒரு நாளைக்கு எத்தனை பேட், எத்தனை நாள் வேலைக்கு விடுப்பு என்று நாட்காட்டியிலேயே குறித்து வைக்கலாம். "ரொம்பப் போகுது டாக்டர்" என்பதைவிட அந்தக் குறிப்பு நூறு மடங்கு பேசும். கட்டி எங்கே, எத்தனை, இப்படியே விட்டால் என்ன ஆகும், குழாய் அடைப்பு முறைக்கு இது ஏற்றதா, இங்கே இல்லாவிட்டால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள், மெடிக்கல் கார்டு அதை ஏற்குமா என்ற கேள்விகளைத் தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோகலாம். மருத்துவர் அவசரத்தில் இருந்தாலும் தாளைப் பார்த்தால் பதில் சொல்வார். ஸ்கேன் அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது கருத்துக்காக வேறொரு மருத்துவரிடம் போகும்போது அது தேவைப்படும்.